ரோட்டுக்கு மேல்பக்கத்து வைன்

ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் நண்பன் வீட்டுப் பிறந்தநாள் விழாவில்தான் அவரைச் சந்தித்தேன். எல்லோரும் அவரை வைன் அண்ணை என்றார்கள். சாயம் பூசிய மீசை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. குடிப்பதற்கு முன் கிளாசுக்குள் மூக்கை நுழைத்துக் கண்ணை மூடிவிடுவார். அதுவரை நாங்கள் கொத்துரொட்டியை மெல்லாமல் காத்திருக்க வேண்டும்.

அன்று பிரான்சின் பர்கண்டி வைன் கொண்டுவந்திருந்தார். ஒருவர் காகிதக் கப்பை நீட்ட, அவருக்கு உடம்பே கூசிவிட்டது.

"பர்கண்டியைக் காகிதக் கப்பிலை குடிக்கிறது பாவம்!" என்று கிளாசுகளை எடுத்துவரச் செய்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அங்கை எல்லாம் ஒரே திராட்சைப்பழம்தான், தம்பி. ஆனா மலைச்சரிவிலை ரோட்டுக்கு மேல்பக்கம் விளைஞ்சால் ராசா. கீழை விளைஞ்சால் சும்மா சாமான். மணந்தே சொல்லிப்போடுவன்."

என்னை மணந்து பார்க்க முடியாததால் கேட்டார்: "நீர் ஊரிலை எவடம்?"

சொன்னேன்.

"அதிலை எந்தப் பக்கம்?"

சாதியை நேரே கேட்கக் கூச்சப்படும் எங்கள் ஆட்கள் இப்படித்தான் கேட்பார்கள். ஒஸ்லோவுக்கு வந்து முப்பது வருடமானாலும் கேட்பார்கள்.

"ரோட்டுக்குக் கீழ்ப்பக்கம், அண்ணை," என்றேன்.

"ஓம்... ஓம்," என்று போத்தலின் லேபிளை நெடுநேரம் வாசித்தார். பிறகு எல்லோருக்கும் ஊற்றினார். மேசையில் இரண்டு கிளாசுகள் மிச்சமிருந்தன. எனக்கு ஊற்றியது காகிதக் கப்பில்.

நானும் மூக்கை நுழைத்து மணந்து பார்த்தேன். நல்ல வைன்தான். இவ்வளவு கூர்மையான மூக்குள்ள மனிதருக்குத் தன்னுடைய நாற்றம் மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.