ஒயின்ஷாப்பை ஒட்டி ஒரு வீடு

வீட்டு புரோக்கருக்கு வாய்தான் மூலதனம் என்பார்கள். என்னைக் கேட்டால், எந்த வீட்டை எந்த நாளில், எந்த நேரத்தில் காட்டுவது என்று தெரிந்தால் போதும், வாய்க்குப் பாதி வேலை மிச்சம். மேற்கு வெயில் அடிக்கும் வீட்டைக் காலையில் காட்ட வேண்டும். ஒழுகும் வீட்டைச் சித்திரையில் காட்ட வேண்டும். வாடகை வீட்டில் அவதிப்பட்டு, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் என்னைப் போன்ற ஒருவனிடம் சிக்கிக்கொண்ட உங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு என் கைக்கு வந்தது. மூன்று அறை, வற்றாத நல்ல தண்ணீர்க் கிணறு. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று குடத்தோடு காத்துக் கிடக்கிற ஊரில் அந்தக் கிணற்றுக்கே ஆள் பறக்க வேண்டும். பறக்கவில்லை. வீட்டை ஒட்டி ஒயின்ஷாப், அதன் பின்னால் பார். பாருக்கும் வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர்.

வாசல்படியில் ஒருவர்

முதலில் வந்தவர் ஒரு ஹைஸ்கூல் வாத்தியார், குடும்பத்தோடு. காலை பத்து மணி. வாசல்படியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, கொஞ்சம் வழி விடுங்க" என்றேன். அசையவே இல்லை. அவரைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போனோம். பாரில் இருந்து இப்படி யாராவது வந்து உட்காருவது உண்டு என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்ததும் வாத்தியார் முகம் மலர்ந்தது. திரும்பி வந்தால் படியில் ஆள் இல்லை. ஒரு ஜோடி செருப்பு மட்டும், வீட்டுக்குள் போகிறவர் கழற்றிப் போடுவது போல, வாசலைப் பார்த்து இருந்தது. தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தேன், யாரும் இல்லை. வாத்தியார் சம்சாரம் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பை மிதிக்காமல் இறங்கினார்.

"செருப்பு இங்கன கிடக்கு. அப்போ ஆளு உள்ளதானே போயிருக்கணும்?" என்றார்.

கொத்தனார் ஒட்டிய காகிதம்

அடுத்தவர் வியாபாரி. பொதுச்சுவரில் ஜன்னல் உடைத்து, பாருக்கு ஆம்லெட்டும் ஈரலும் விற்கலாம் என்று கணக்குப் போட்டார். சுவர் தாங்குமா என்று பார்க்க என் பழக்கத்துக் கொத்தனார் கருப்பசாமியைக் கூட்டிப் போனேன். சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. நம் கரிசல் மண்ணில் வெடிப்பு இல்லாத வீடு ஏது? வெயிலுக்கு மண் சுருங்கினால் சுவர் விரியும், மழைக்கு மண் ஊறினால் மூடிக்கொள்ளும். வெடிப்பு வளர்கிறதா என்று பார்க்க கருப்பசாமி குறுக்கே ஒரு காகிதத்தைப் பசை தடவி ஒட்டிவிட்டு வந்தார். அது பங்குனி மாதம்.

சித்திரையில் போய்ப் பார்த்தோம். ஒரு பொட்டு மழை இல்லை, தெருவெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்தச் சுவரில் மட்டும் வெடிப்பு மூடியிருந்தது. காகிதம் கசங்கி மடிந்து நின்றது. கருப்பசாமி வெகுநேரம் உள்ளங்கையைச் சுவரில் வைத்திருந்தார். பிறகு உளியையும் சுத்தியலையும் பைக்குள் போட்டார்.

"மண்ணு காயும்போது சுவரு மூடி நான் பார்த்ததில்லை அண்ணாச்சி. நீங்க வேற ஆளைப் பாருங்க" என்றார்.

ஒரு மணிக்கு

வீட்டுக்காரி செண்பகம் அக்கா, ஐம்பது வயது இருக்கும். புருஷன் தீப்பெட்டி ஆபீசில் போர்மேன், இறந்து மூன்று வருஷம். மாலை போட்ட படம் கூடத்தில் தொங்கும். கடம்பூரில் இருந்து ஒரு பார்ட்டியைக் கூட்டிப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது மணி ஒன்று அடித்தது. அக்கா அடுப்படியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து பொதுச்சுவரில் இரண்டு தட்டு தட்டினார். அந்தப் பக்கத்தில் இருந்து இரண்டு தட்டு பதில் வந்தது. அக்கா தட்டை எடுத்து வைத்துச் சோறு போட ஆரம்பித்தார்.

"யாரும்மா அது?" என்று பார்ட்டி கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருதான். சாப்பிட வாராவளாம்" என்றார் அக்கா.

பார்க்காரர் சொன்னது

நேரே போய் பாரைக் கவனித்துக்கொள்ளும் தங்கராசுவைப் பிடித்தேன். போர்மேன் உயிரோடு இருந்தபோது அந்தச் சுவர் ஓரத்து மேஜையில்தான் உட்காருவாராம். சோறு ஆனதும் அக்கா தட்டுவார், இவர் பதிலுக்குத் தட்டிவிட்டு எழுந்து போவார். அவர் போன பிறகும் அக்கா தட்டுவதை நிறுத்தவில்லை. பதில் வராமல் ஒருநாள் அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் அழுத சத்தம் பாருக்கே கேட்டதாம்.

"அன்னையிலேருந்து அந்த மேஜையில எவன் உக்காந்தாலும் பதிலுக்குத் தட்டிரணும். போதையில மறந்தாலும் நான் ஞாபகப்படுத்திருவேன்" என்றார் தங்கராசு.

லீவு நாள்

இப்படி ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, வீட்டின் விலை இறங்கிக்கொண்டே வந்து எனக்கே எட்டும் இடத்தில் நின்றது. நானும் வாடகைக்காரன்தான். தைக்குள் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. ஊருக்கெல்லாம் வீடு பார்க்கிறவனுக்கு ஒரு வீடு இல்லை என்று முத்துலட்சுமி, அதாவது என் மனைவி, பேசுவதையே குறைத்திருந்தாள். அவளிடம் சுவரைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அக்டோபர் இரண்டாம் தேதி, ஒயின்ஷாப்புக்கு லீவு, அன்று கூட்டிப் போனேன். பெண்டாட்டியிடமே தொழிலைக் காட்டுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது.

கிணறு, கூடம், அடுப்படி எல்லாம் அவளுக்குப் பிடித்துப்போனது. செண்பகம் அக்கா அவளை உட்காரவைத்து, "நான் மக வீட்டோட போயிருதேன். ஒரு மணிக்குச் சுவத்துல ரெண்டு தட்டு தட்டணும். அதுக்குச் சம்மதம்னா எழுதித் தாரேன்" என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய்த் தட்டினார். இன்று பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். அக்கா மறுபடி அழப்போகிறாரே என்று பாவமாக இருந்தது.

இரண்டு தட்டு. நிதானமாக, பக்கத்தில் கேட்டது.

வெளியே ஓடினேன். பாரின் கதவில் பூட்டு தொங்கியது. பின்னால் வேறு வழி கிடையாது. எதிர்த்த டீக்கடையில் தங்கராசு டீ குடித்துக்கொண்டிருந்தார், சாவிக்கொத்து மேஜை மேல் கிடந்தது. உள்ளே வந்து செருப்பு, காகிதம், மேஜை என்று எல்லாவற்றையும் முத்துலட்சுமியிடம் கொட்டித் தீர்த்து, வா போய்விடலாம் என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"அக்காவுக்கு அட்வான்ஸ் குடுத்துருங்க. செத்தும் அவரு ரெண்டு தட்டுக்குப் பதில் சொல்லுதாரு, உங்களை நான் நாலு வாட்டி கூப்பிட வேண்டியிருக்கு" என்றாள்.

எத்தனையோ பேருக்கு நாள் பார்த்து, நேரம் பார்த்து வீடு காட்டிய எனக்குக் கடைசியில் சொந்த வீடும் கிணறும் அமைந்தது, ஒரு மணிக்கு அவள் சுவரைத் தட்டிவிடுவதால் எனக்கு மதியச் சாப்பாடு மட்டும் இன்றுவரை பஸ் ஸ்டாண்டு ஓட்டலில்.