கிணற்றடி மரம்

கறம்பக்குடிப் பக்கம் எங்கள் முந்திரிக் கொல்லையில் ஒரு மரத்துப் பழம்போல இன்னொன்று இருக்காது. எல்லாம் கொட்டை ஊன்றி முளைத்தவை. வேலியோர மரத்தில் மஞ்சள் பழம். உப்புத் தொடாமல் கடித்தால் தொண்டை கரகரக்கும். கிணற்றடி மரத்தில் சிவப்பு, உப்பே வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டதும் அதற்குத்தான் ஓடுவேன்.

புயலில் பாதிக்கு மேல் சாய்ந்தன. அப்பா அந்த இடங்களில் ஒரே ரக ஒட்டுக்கன்றுகளை நட்டார். அவை பூக்கத் தொடங்கியதும், மிஞ்சிய பழைய மரங்களையும் பிடுங்கிவிடப் பொக்லைனுக்குச் சொல்லிவிட்டார். நான் அப்போது தாவரவியல் கடைசி வருடம்.

“எல்லாம் ஒரே சாதியா இருந்தா ஒண்ணாக் காய்க்கும், ஒண்ணாப் பொறுக்கலாம்,” என்றார்.

“மொதல்ல அந்த முசுறு மரத்தைப் பேத்து எறிங்க மச்சான்,” என்றாள் அம்மாவின் தங்கை. “எலையெல்லாம் தச்சுக் கூடு கட்டியிருக்கு, பொறுக்கப் போனா செவப்பெறும்பு ரவிக்கைக்குள்ள ஏறிருது!”

எனக்குக் கிணற்றடி மரம் பிழைக்க வேண்டும். அதற்கொரு காரணம் தேடிக் கன்று கன்றாக ஓடினேன். எல்லாம் ஒரே தாய்மரத்துக் குச்சியில் ஒட்டுக்கட்டியவைதான். ஆனாலும் பழைய மரங்கள் இல்லாத வரிசையில், தேயிலைக் கொசு என்னும் பூச்சி பூவையெல்லாம் உறிஞ்சிக் கருக்கியிருந்தது. முசுறு மரத்தோடு கிளை உரசிய கன்றுகளில் பூ அப்படியே இருந்தது. சிவப்பு எறும்புகள் பூச்சியை வேட்டையாடியபடி அங்கேயும் ரோந்து போய்க்கொண்டிருந்தன. வேலியோர மரம் ஒடிசல், நிழல் குறைவு. அதனருகே கன்றுகள் என் தலைக்கு மேல் போயிருந்தன.

அப்பாவை இழுத்து வந்தேன். “பாருங்கப்பா, கன்னு எல்லாம் ஒண்ணுதான். பக்கத்துல எது நிக்கிதுங்கறதுதான் வேற!”

அவர் ஒரு பூங்கொத்தை வளைத்தார். உடனே எறும்பு கடித்த கையை உதறினார்.

“மச்சானுக்கு ஒறைச்சிருச்சு!” என்று சிரித்தாள் சித்தி.

அப்பா கொல்லையைச் சுற்றிவிட்டுக் கிணற்றடியில் நின்றார். அங்கே அடர்ந்த நிழலில் கன்றுகள் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டிருந்தன.

“வேலியோர மரமும் முசுறு மரமும் இருக்கட்டும். இது போகட்டும். நீ சொன்ன கணக்குத்தானே தாயி?”

அதன் குச்சியை எடுத்து ஒட்டுக்கட்டிக் காப்பாற்ற எனக்குத் தெரியாது. கிணற்றடி மரத்தில் முந்திப் பழுத்திருந்த பழங்களைத் தின்றுவிட்டுக் கொட்டைகளை எடுத்து வைத்தேன். அதே மரம் வராது என்று தெரிந்தேதான் ஒன்றைக் கொல்லைக் கோடியில் ஊன்றினேன்.

போன பங்குனியில் திருச்சியிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது அது முதன்முதலாகப் பழுத்திருந்தது. மஞ்சள் பழம். தொண்டை கரகரத்தது. அப்பா உப்பு எடுத்து வந்து நீட்டினார். மிச்சத்தையும் தின்றேன்.