கோட்டை வாசலில் இரண்டு தட்டு

சனிக்கிழமை மதியம் பேருந்துப் பணிமனையின் ஓய்வறையில் உட்கார இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முந்தின நாள் சாயங்காலம் ‘கொம்பன் கோட்டை’ தொடரின் புது எபிசோட் வந்திருக்கும். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவரவர் வீட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுநாள் ஒன்றாகக் கூடி அதைப் பிரித்து மேய்வார்கள். சுவரில் மாட்டியிருந்த டிவி பழசு. அதன் வலது ஓரம் எப்போதும் பச்சையாகத்தான் தெரியும். அந்தப் பக்கம் யார் வந்து நின்றாலும் அரக்கன் மாதிரி இருப்பார்கள். அந்தத் தொடருக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

ரிமோட் எப்போதும் பூதக்கண்ணாடியின் கையில். அவர் ஓட்டுநர். சாலையில் எவ்வளவு கவனமோ, தொடரிலும் அவ்வளவு கவனம். கேடயத்தில் வரைந்த பறவை முதல் பாகத்தில் யார் கொடியில் இருந்தது, ரப்பர் மூக்குக்குப் பின்னால் ஒளிந்திருப்பது எந்த நடிகர் என்றெல்லாம் கண்டுபிடித்துச் சொல்வார். அதனால் வந்த பெயர்தான் அது.

“நிறுத்துறேன், பாருங்க. இந்தச் சூனியக்காரி யாரு? பழைய ஆஸ்பத்திரி சீரியல்ல பெரிய நர்ஸா வந்தாங்களே, அவங்கதான். மூக்கை மாத்திட்டா விட்டுடுவோமா? குரல் இருக்குல்ல!”

“அப்ப அந்த ராட்சசன்?”

“பல்பொடி விளம்பரம். பல்லைப் பாரு.”

அறையே சிரித்தது. கதவோரம் நின்ற ரைட்டு மட்டும் சிரிக்கவில்லை. ரைட்டு, பூதக்கண்ணாடியின் பேருந்தில் வருடக்கணக்காக நடத்துநராக இருந்தவர். இருபத்தாறு வருடமாக “ரைட், ரைட்” என்று சொல்லிச் சொல்லி, அதுவே பெயராகிவிட்டது. மெலிந்த மனிதர். காலையில் பேருந்தில் ஏறும்போது படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இன்றைக்கு என்னால் யாருக்கும் கெடுதல் வேண்டாம் கடவுளே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பையை மாட்டுவார். பணிப் பதிவேட்டில் அவர் பக்கத்தில் ஒரு சிவப்பு மை எழுத்துக் கிடையாது.

அப்படிப்பட்டவர் அன்று கதவை விட்டு உள்ளே வரவில்லை. ஏனென்றால் அந்த எபிசோடில், கோட்டை வாசல் காட்சியில், இரும்புத் தொப்பி போட்ட கிழட்டுச் சிப்பாய்களில் ஒருவர் அவரேதான்.

வினை மைத்துனன் ரூபத்தில் வந்தது. மனைவியின் தம்பி, அந்தத் தொடருக்கு உடுப்புகள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவன். மூன்று மாதத்துக்கு முன்பு ஒருநாள் வந்து நின்றான்.

“அத்தான், கல் குவாரியில கோட்டை போட்டிருக்காங்க. ஐம்பது தாண்டின, தொப்பை இல்லாத ஆளுங்க இருபது பேர் வேணுமாம். முற்றுகையில பட்டினி கிடந்த படை. உங்களைப் பாத்தா எங்கக்கா சோறே போடலன்னு ஊரே நினைக்குது. இந்த வேலைக்கு அதுதான் படிப்பு.”

“எனக்கு எதுக்குடா இந்த வேஷமெல்லாம்?” என்றார் இவர். ஆனால் குரலில் சுருதி இறங்கியிருந்தது. மனைவி அந்தத் தொடரின் பரம ரசிகை. “என்னங்க, ஒரு தடவை போய் அந்தக் கொம்பன் ராஜா பக்கத்துல நின்னுட்டு வாங்களேன்” என்றதும் கரைந்துவிட்டார்.

அப்போது ஆள் பற்றாக்குறை, சாதாரண விடுப்புக் கேட்டால் கிடைக்காது. நான்கு நாள் வரை உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் சீட்டு கேட்க மாட்டார்கள். மைத்துனனே கடிதம் எழுதினான். காரணம், வயிற்றுப்போக்கு. இவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கண்ணை மூடினால் பொய் பொய்யில்லை என்று ஆகிவிடுமா என்ன?

நான்கு நாளும் ரப்பரில் செய்த இரும்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தார். நடந்ததைத் தவிர வேறொன்றும் செய்யச் சொல்லவில்லை. கொம்பன் ராஜாவின் சவப்பெட்டி ஏற்றிய குதிரை வண்டி கோட்டைக்குள் நுழைய வேண்டும், படை பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான். கடைசிச் சிப்பாயும் வண்டியருகே வந்து சேர்ந்ததும் இவர் கை தன்னால் எழுந்தது. வண்டியின் பக்கப் பலகையில் ‘டப் டப்’ என்று இரண்டு தட்டு. எல்லாரும் ஏறியாச்சு, போகலாம் என்று நாள் முழுக்கத் தட்டுகிற கை, கோட்டை என்று பார்க்குமா, டெப்போ என்று பார்க்குமா? குதிரையும் சொன்ன பேச்சைக் கேட்டுக் கிளம்பிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, வெட்டிவிடுவார்கள் என்று இவரும் விட்டுவிட்டார்.

வெட்டவில்லை. அதுமட்டுமா, வாசல் முழுக்க எதிரொலிக்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள்.

“இப்பதான் முக்கியமான கட்டம்!” என்று பூதக்கண்ணாடி எழுந்து நின்றார். டிவியில் ‘டப் டப்’ என்றது. நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடியும் ‘டப் டப்.’

“இது என்னன்னு யாருக்காவது புரியுதா? முதல் பாகத்துல சின்ன இளவரசன் சிறையில இருந்தப்ப, அம்மாவுக்குச் சுவத்துல எத்தனை தடவை தட்டுவான்?”

“ரெண்டு!” என்று பத்துக் குரல்.

“செத்துட்டான்னு நாம நினைச்ச இளவரசன், கிழவன் வேஷத்துல கோட்டைக்குள்ள வந்துட்டான். நெட்டுல இதே பேச்சுதான். நேத்து ராத்திரியில இருந்து நாலு லட்சம் பேர் இந்தத் துண்டைப் பாத்திருக்காங்க.”

“தொப்பிக்குள்ள யாரு நடிகர்?”

“முகவாயைப் பாரு. பெரிய கையாத்தான் இருக்கும். சாதாரண ஆளுக்கு அந்தக் கம்பீரம் வருமா?”

ரைட்டு தன் முகவாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு துடைப்பது போல் நடித்தார். பயத்தோடு பயமாக, உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமும் குறுகுறுத்தது. அதற்காகவும் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அப்போது மேலாளர் உள்ளே வந்தார். நடத்துநராகச் சேர்ந்து, பரீட்சை எழுதி, படிப்படியாக மேலே போன பெண்மணி. கண்டிப்பானவர், ஆனால் கொம்பன் கோட்டை என்றால் அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். இவரைப் பார்த்ததும், “ரைட்டண்ணே, வயிறு இப்ப பரவாயில்லையா? வெந்நீர்தானே குடிக்கிறீங்க?” என்றார்.

“பரவாயில்லைங்க மேடம்.”

“இன்னும் ஒரு மாசம் சின்ன ரூட்லயே இருங்க. அவசரப்படாதீங்க.”

இங்கேதான் முள் குத்தியது. விடுப்பு முடிந்து வந்த அன்றைக்கே, வயிறு கெட்ட மனிதருக்கு ரெண்டு முனையிலும் கழிப்பறை இருக்கிற ரூட் வேண்டும் என்று மேலாளர் அவருக்குச் சின்ன ரூட்டைக் கொடுத்துவிட்டார். இவர் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டார். அந்த ரூட்டுக்காக மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தது இன்னொரு நடத்துநர் அம்மாள். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். அவர் பாவம், இன்னமும் மலைப்பாதை ரூட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டில் மனைவி உற்சாகத்தில் இருந்தாள். துணி மடித்துக்கொண்டே, “பதினோரு செகண்டு வர்றீங்க. நான் எண்ணிட்டேன். ராஜாவோட பெட்டியே ஒம்பது செகண்டுதான். அதுவும் மூடின பெட்டி” என்றாள்.

இவர் பையைக்கூட இறக்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

“என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு? இளவரசருக்கு என்ன கவலை?”

“விளையாடாதே. மேடத்துக்குத் தெரிஞ்சா சஸ்பெண்டு. இருபத்தாறு வருசம் காப்பாத்தின பேரு.”

“தொப்பி மூக்கு வரைக்கும் மூடியிருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?”

“யாருக்கும் தெரியாதுன்னா போதுமா?”

அவள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். “போகச் சொன்னது நான்தானே. நீங்க எதைச் செஞ்சாலும் எனக்குச் சரி. ஆனா சொல்றதா இருந்தா முழுசாச் சொல்லிடுங்க. பாதி சொல்லிட்டு வந்து பாதியை வயித்துல வெச்சிருந்தா, நிஜமாவே வயிறு கெட்டுடும்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மனசு ஊசலாடியது. திங்கள் காலை, மலைப்பாதைப் பேருந்து கிளம்புவதைப் பார்த்தார். முழங்கால்காரி நேராக ஏற முடியாமல், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி ஏறினார். ஏறி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, இவரைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை. ரைட்டு நேராக மேலாளர் அறைக்குப் போனார்.

மேலாளரின் கணினியில் கால அட்டவணை திறந்திருந்தது. அதன் மேல், கோட்டை வாசல் காட்சியும் பெரிதாகத் திறந்திருந்தது.

“வாங்க ரைட்டண்ணே. இந்த ஆளு யாரா இருக்கும், சொல்லுங்க பாக்கலாம்.”

“நான்தாங்க மேடம்.”

“அட, காலையிலேயே ஜோக்கா?”

“ஜோக்கு இல்லைங்க. எனக்கு வயித்துல ஒண்ணுமே ஆகலை. அந்த நாலு நாளும் குவாரியில இருந்தேன். லெட்டர்ல இருந்தது பொய். தப்புப் பண்ணிட்டேன்.”

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணே, இது பெரிய நடிகராம். நெட்ல மூணு நடிகர் பேரைச் சொல்லியிருக்காங்க. உங்களுக்கு வயித்துலதானே பிரச்சனை, தலையிலயுமா?”

“அந்த இடது கையைப் பெரிசாக்கிப் பாருங்க மேடம்.”

பெரிதாக்கினார். ஈட்டி வலது கையில் இருந்தது. இடது கை சும்மா வயிற்றருகே இருந்தது. ஆனால் சும்மா இல்லை. விரல்கள் நீட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல், நடுவில் எதையோ செருகிப் பிடித்த மாதிரி விறைத்திருந்தன.

“நோட்டை நீளவாக்குல மடிச்சு விரலிடுக்குல வெச்சுப் பழகின கை மேடம். அதுக்கு வேற மாதிரி இருக்கத் தெரியாது.”

மேலாளர் திரையைப் பார்த்தார். பிறகு மேஜை மேல் கிடந்த தன் இடது கையைப் பார்த்தார். அவர் டிக்கெட் பையைக் கழற்றிப் பத்து வருடம் ஆகிறது. விரல்கள் அதே மாதிரிதான் விரிந்திருந்தன. மெதுவாகக் கையை மடக்கிக்கொண்டார்.

“நாலு லட்சம் பேரு பாத்தாங்க. நானும் முப்பது தடவை பாத்தேன்,” என்றார். அடுத்த நிமிடமே முகம் மாறியது. “வெந்நீர் குடிங்க, வெந்நீர் குடிங்கன்னு உங்க பின்னாலயே சுத்தினேன். அந்தம்மா முழங்காலோட மலைப்பாதையில ஏறி இறங்குறாங்க. உங்களை நம்பி!”

“அதனாலதாங்க வந்தேன். ரூட்டை இன்னைக்கே அவங்களுக்குக் கொடுத்துடுங்க. எனக்கு என்ன தண்டனைன்னாலும் சரி.”

மேலாளர் பதிவேட்டை எடுத்தார். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். திறந்தவர் எழுதாமல் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “சரி, அந்தச் சவப்பெட்டி. உள்ளே ராஜா இருந்தாரா, இல்லையா?” என்றார்.

ரைட்டு திருதிருவென்று விழித்தார். அவருக்குத் தெரியும். குவாரியில் பெட்டி திறந்திருந்தபோது எட்டிப் பார்த்திருந்தார்.

“மேடம், கதையை வெளிய சொல்ல மாட்டேன்னு எழுதி வாங்கியிருக்காங்க.”

“எனக்கு மட்டும் சொல்லுங்க. இந்தப் பேனாவை மூடிடறேன்.”

விளையாட்டா நிஜமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இருபத்தாறு வருடம் சுத்தமாக இருந்த அந்தப் பக்கம் கண்ணெதிரே திறந்து கிடந்தது. ஒரே வார்த்தை போதும்.

“வேண்டாங்க. ஒரு பொய்க் கையெழுத்தே இத்தனை நாள் தூங்க விடலை. இன்னொரு கையெழுத்தையும் பொய்யாக்கிட்டா எங்க போய் நிப்பேன்? எழுதுங்க மேடம்.”

மேலாளர் பெருமூச்சு விட்டார். நான்கு நாளும் அவருடைய ஈட்டிய விடுப்பில் கழிக்கப்படும், இது முதலும் கடைசியுமான எச்சரிக்கை என்று சிவப்பில் எழுதினார். “சஸ்பெண்டு பண்ணணும்தான். தானா வந்து சொன்னதுக்காக விடறேன். நாளையில இருந்து நீங்க மலைப்பாதை, அஞ்சரை மணி வண்டி. இதையும் சொல்லிடறேன், அடுத்த சனிக்கிழமை அந்த ரூம்ல நீங்க என் பக்கத்துல உக்காரக் கூடாது. உங்க மூஞ்சியைப் பாத்தே நான் கண்டுபிடிச்சிடுவேன்.”

ரைட்டு கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு. வெளியே வந்தபோது கால் லேசாக இருந்தது, மனசு கொஞ்சம் வலித்தது.

மதியம் ஓய்வறையில் எல்லாருக்கும் தானே சொன்னார். உடனே ஆரவாரம். ஒருவர் ஈட்டிக்குப் பதிலாகத் துடைப்பத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார். பூதக்கண்ணாடி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“வருசக்கணக்கா என் பின்னாலேயே நின்னுக்கிட்டு தட்டினீங்க. எனக்கே தெரியலையே அண்ணே!”

“விடு தம்பி. அது இளவரசன் இல்ல, நான்தான்னு நெட்டுல போட்டுடு. பாவம், சனங்க நம்பிக்கிட்டு இருக்கு.”

பூதக்கண்ணாடி யோசித்தார். கண்ணில் பழைய ஒளி வந்துவிட்டது. “அண்ணே, உங்களை நடக்கத்தானே சொன்னாங்க? கதை முழுசாச் சொன்னாங்களா?”

“இல்லையே.”

“தட்டினதை ஏன் வெட்டலை? சத்தத்தை ஏன் கூட்டினாங்க? நீங்கதான் இளவரசன் அண்ணே. உங்ககிட்டதான் சொல்லலை!”

அப்படியும் இருக்குமோ என்று ஒரு கணம் ரைட்டுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கதவுப் பக்கமிருந்து முழங்கால்காரியின் குரல் வந்தது. செய்தி அவருக்குப் போயிருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முகத்தில் கோபம் பாதி, சிரிப்பு பாதி.

“இளவரசே, ராஜ்யத்தை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல என் சின்ன ரூட்டுக்கான அட்டையை எடுங்க.”

ரைட்டு சட்டைப் பையிலிருந்து அந்த நேர அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.