பின் சீட்டில் உட்காரப் பழகினேன்

சிமெண்ட் ஆலையில் கில்ன் பகுதிக்கு ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுக்கும் அந்தப் பெரிய உலை இரவு பகலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். நீட்டி முழக்கவும் முடியாது. ஏத்து, குறை, நிறுத்து, இங்க வா. முப்பது வருஷத்துக்கு மேல் அப்படிப் பேசிவிட்டு அரியலூரில் எங்கள் வீட்டோடு வந்து உட்கார்ந்தபோதும் அதே குரல்தான் வந்தது.

"கேஸக் குறை" என்பேன், அடுப்படி வாசலில் நின்று. "மோட்டார நிறுத்து." நான் சொல்வதற்கு முன்பே என் மனைவி குறைத்திருப்பாள், நிறுத்தியிருப்பாள். பதில் பேச மாட்டாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. தினமும் மதியம் ஷிப்டு மாறும் நேரத்தில், என் இடத்துக்கு வந்தவருக்குப் போன் செய்து உலை எப்படி ஓடுகிறது என்று கேட்பேன். எனக்குக் கீழே பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். "நல்லா ஓடுதுங்க சார்" என்பார். அதோடு விட மாட்டேன். நாலு யோசனை சொல்வேன். அவரும் பொறுமையாக "சரிங்க சார்" என்பார். போனை வைத்த பிறகு அரை மணி நேரம் மனசு தெம்பாக இருக்கும். அப்புறம் பொழுது சாய்கிற வரைக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே நடப்பேன்.

இப்படி ஒரு வருஷம் போனது. பிறகு வலது கண்ணில் புரை ஆபரேஷன். பெரம்பலூரில் செய்தார்கள். டாக்டர், தான் சொல்கிற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறு பரிசோதனைக்குப் போக வேண்டிய நாளில் மனைவி தன் ஸ்கூட்டியை வெளியே எடுத்து வைத்து, "ஏறுங்க" என்றாள்.

அவள் ஸ்கூட்டி பழகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் ஷிப்டுக்குப் போயிருந்த சமயத்தில், எதிர்வீட்டு டீச்சர் பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர ஆகும்ல" என்று அவள் சொன்னதோடு சரி. நான் ஒருநாளும் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்ததில்லை.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏறினேன். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டேன். "லாரி வருது. ஒதுங்கு." "இண்டிகேட்டர் போடு." "பள்ளம், பள்ளம்." "இப்ப ஏன் ஹாரன் அடிக்கல?" ஒவ்வொன்றையும் காது கிழிகிற மாதிரி சொல்லியிருக்கிறேன். ஒரு வளைவில் என் கை தானாகவே நீண்டு ஹாண்டில்பாரைப் பிடித்துவிட்டது. வண்டி ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

குன்னத்துக்கு முன்னால், சாலையோரம் மக்காச்சோளம் காய வைத்திருந்த இடம். அவள் வண்டியை ஸ்டாண்டு போட்டாள். "இறங்குங்க" என்றாள்.

இறங்கினேன்.

"கொஞ்சம் தப்பியிருந்தா ரெண்டு பேரும் கீழ கெடந்திருப்போம். நீங்க வாயால ஓட்டுறீங்க, நான் கையால ஓட்டுறேன். ஒரு வண்டிய ரெண்டு பேரு ஓட்ட முடியாதுங்க." கோபமாகச் சொல்லவில்லை.

"அப்ப நான் பஸ்ஸுல வரேன், போ" என்றேன் வீம்பாக.

"சரி, வாங்க. ஆஸ்பத்திரியில நிக்கிறேன்" என்று என் ஆஸ்பத்திரி ஃபைல் இருந்த பையை முன்னால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ரெண்டு நிமிஷத்தில் பஸ் வந்தது, கை காட்டி ஏறினேன். இடதுபக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தது. குன்னம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முன்னால் அவள் சேலை நிறம் தெரிந்தது. கண் புதிதாகத் தெளிந்திருந்ததால் எல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் கல் லாரி ஒன்று நெருங்கியதும் பதறாமல் ஓரம் கட்டி வழிவிட்டாள். எதிரே ஆடுகள் குறுக்கே வர, வேகத்தைக் குறைத்து, கடைசி ஆடு கடக்கிற வரை காலை ஊன்றி நின்றாள். ஆடு மேய்க்கிற அம்மாவிடம் என்னவோ சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். பஸ் அவளைத் தாண்டியது. அடுத்த நிறுத்தத்தில் அவள் பஸ்ஸைத் தாண்டினாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் அடுப்படி வாசலில் நின்று நான் யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது முகம் சூடானது.

ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் போய் டோக்கன் வாங்கி வைத்திருந்தாள். "சாப்டீங்களா?" என்றாள். காலையில் அவள் கையால்தான் சாப்பிட்டிருந்தேன். வேறு எதையும் கேட்காமல் இருக்க அப்படிக் கேட்டாள் என்று புரிந்தது.

திரும்பும்போது, "பின்னாடி உக்காரட்டுமா? பேச மாட்டேன்" என்றேன்.

"பேசுங்க. வண்டியப் பத்திப் பேசாதீங்க."

அது சுலபமாக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பேச வேறு என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. பாதி வழியில், பருத்தி வெடித்திருந்த ஒரு காட்டைப் பார்த்து, "இந்த வருஷம் நல்லா வந்திருக்குல்ல?" என்றேன். அங்கிருந்து வீடு வருகிற வரைக்கும் அவள் அப்பா பருத்தி போட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் நான் கேட்டிராத கதை.

மறுநாள் மதியம் என் இடத்துக்கு வந்தவருக்குப் போன் செய்தேன். "இனிமே தினமும் கூப்புட மாட்டேன்ப்பா. நீங்க பாத்துக்குவீங்க" என்றேன். "அப்பப்ப பேசுங்க சார். அம்மாவோட ஒரு நா வூட்டுக்கு வாங்க" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஒரு வாரம் அந்த நேரத்துக்குக் கை பரபரத்தது. பிறகு அந்த நேரத்தில் தூங்கப் பழகிக்கொண்டேன்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னமும் ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுகிறேன். ஏதாவது தீய்ந்து வாசம் வந்தால் குரல் உயர்ந்துவிடுகிறது. அப்போது அவள் திரும்பிப் பார்ப்பாள், நான் நகர்ந்துவிடுவேன்.

டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொன்ன பிறகும் வெளியூருக்கு அவள்தான் ஓட்டுகிறாள். கரைவெட்டி ஏரியில் பறவை பார்த்தோம். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு மதியம் முழுக்கப் புல்தரையில் கிடந்தோம். போன மாதம் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போனோம். கும்பிட்டு வெளியே வந்ததும், பஸ்ஸில் வந்திறங்கிய ஓர் அம்மாவோடு மரத்தடியில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். துண்டை விரித்துப் பக்கத்தில் படுத்தேன். அப்படியே கண் அசந்துவிட்டது. விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. பேச்சு வெங்காயத்திலிருந்து அந்த அம்மாவின் மருமகளுக்கு வந்திருந்தது.

"எழுந்துட்டீங்களா, கெளம்பலாமா?" என்றாள்.

"இருக்கட்டும், பேசு" என்று மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.