இரண்டாவது லைன்

என் பதவியின் பெயர் டிராக்மேன், தண்டவாளத்தைப் பராமரிக்கிற வேலை. பெண்ணாக இருந்தாலும் காகிதத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள். அரியலூர்ப் பக்கம் எங்கள் கேங்கில் பதினோரு பேர், அதில் நான் ஒருத்திதான் பெண். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கீமேனாக இருந்து வேலையிலேயே இறந்துபோனதால், கருணை அடிப்படையில் எனக்கு இந்த வேலை கொடுத்தார்கள். ஆர்டர் வந்த அன்று உறவுக்காரர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி, "பரவாயில்ல, அந்த மட்டும் நல்லது" என்றார்கள். எந்த மட்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் எதையும் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

நான் பிறந்தது குரும்பலூர். எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் ரயிலே கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் வரும் என்பார்கள், தேர்தல் முடிந்ததும் அதுவும் முடிந்துவிடும். கல்யாணமாகி அரியலூருக்கு வந்த பிறகுதான் ரயிலைப் பக்கத்தில் பார்த்தேன். முதல் ஒரு மாதம் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. பிறகு சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வரவில்லை.

கீமேன் வேலை என்பது நடக்கிற வேலை. தன் பங்குக்கு உள்ள தூரம் முழுவதும் தினமும் தண்டவாளத்தோடு நடக்க வேண்டும். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கிற கிளிப் எங்காவது தளர்ந்திருந்தால் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும், விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி வந்தால் இறங்கி ஓரமாக நின்று பச்சைக் கொடி காட்ட வேண்டும். அதோடு விட முடியாது. ஏதாவது கழன்று தொங்குகிறதா, எங்கேயாவது புகைகிறதா என்று கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் பன்னிரண்டு வருஷம் ஒற்றை லைனில் இந்த வேலை பார்த்தார். அப்புறம் பக்கத்திலேயே இரண்டாவது லைன் போட்டார்கள். அதில் வண்டி ஓட ஆரம்பித்து ஒன்றரை வருஷத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.

அன்று காலையில் எங்களுக்குள் சண்டை. பெண் ஒன்பதாவது போக இருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூரில் என் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன், அங்கே பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது, நீங்கள் லீவு நாளில் வந்து போங்கள் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முடியாது என்றார். காரணமும் சொல்லவில்லை, முடியாது என்பதோடு சரி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் வாய் நிற்காது.

"நீங்க அந்தத் தண்டவாளத்தையே கட்டிக்கிட்டு அழுங்க," என்றேன்.

 கட்டி வைத்திருந்த சாப்பாட்டுத் தூக்கை எடுக்காமல் அவர் போய்விட்டார். தெருவில் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் நான் பேசியிருந்தேன். பெண்ணும் உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

பத்தரை மணி வாக்கில் பழைய லைனில் ஒரு கூட்ஸ் வந்திருக்கிறது. அவர், கூட்ஸ் டிரைவருக்குத் தெரிகிற மாதிரி நிதானமாக இறங்கி, புது லைன் மேல் போய் நின்று கொடி காட்டியிருக்கிறார். கூட்ஸ் நீளமான வண்டி. அது போய்க்கொண்டிருக்கும்போதே புது லைனில் எதிர்த்திசையிலிருந்து எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது. அந்த எக்ஸ்பிரஸ் டிரைவர் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். விடாமல் ஹாரன் அடித்தேன், அந்த ஆள் அசையவே இல்லை, கூட்ஸைப் பார்த்தபடியே நின்றார் என்று இருந்தது. விசாரணை முடிவில் சொந்தக் கவனக்குறைவு என்று எழுதினார்கள். வேலை கொடுக்க அது தடையாக இல்லை.

ஆனால் அந்த 'அசையவே இல்லை' ஊருக்குள் எப்படியோ வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் தண்டவாளத்தில் நடந்த மனுஷனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாதா என்று பேசினார்கள். காலையில் வீட்டில் சத்தம் கேட்டதே என்றார்கள். என் முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. நான் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நிற்கும், நான் குடத்தைத் தூக்கியதும் ஆரம்பிக்கும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் பஸ் ஏறிய பிறகு பெண் என்னிடம் வந்து நின்றாள்.

"அப்பா வேணும்னுதான் அங்க நின்னாங்களா?"

"போயி படி," என்றேன்.

அதோடு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில், மாவு இருக்கிறதா, கேஸ் சொல்லியாச்சா என்ற அளவில் பேசிக்கொண்டு இரண்டு வருஷத்தை ஓட்டினோம். பெரம்பலூருக்கும் போகவில்லை. எந்தப் பள்ளிக்கூடத்துக்காக அப்படிச் சண்டை போட்டேனோ, அதைப் பற்றி அப்புறம் எனக்கு நினைப்பே வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்தேன். ஜல்லி அள்ளினேன், கட்டை தூக்கினேன். கேங்கில் எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள், கனமான வேலை தராமல் ஒதுக்கினார்கள். நானாகப் போய் அதையும் செய்தேன். கஷ்டமாக இல்லை. சுலபமாகவும் இல்லை. ஜல்லிக் கல் செருப்பைத் தாண்டிக் குத்தி ரத்தம் வந்திருக்கும், வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் பார்ப்பேன். அவர் இறந்த இடத்தில் வேலை விழுந்தபோது மேட் என்னிடம் வந்து, இன்றைக்கு லீவு போட்டுக்கொள் என்றார். மேட் என்றால் எங்கள் கேங்கின் தலைவர், என் வீட்டுக்காரரோடு ஆரம்பத்திலிருந்து வேலை பார்த்தவர். வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே ஜல்லி போட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றவில்லையே என்றுகூடத் தோன்றவில்லை.

இந்த நிலைமையில்தான் என்னைத் திருச்சிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம். வகுப்பு எடுத்தவர் என்னைவிடச் சின்ன வயது, ரயில் என்றால் உயிர். சிலபஸில் இல்லாததை எல்லாம் சொல்வார். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப் பேர் தூங்கி வழிந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்தில் முதன்முதலில் ரயில் போட்ட இன்ஜினியர்களைப் பற்றி ஆரம்பித்தார். திரையில் தொப்பியும் கிருதாவுமாக ஆட்கள் வந்து போனார்கள். அதில் ஒருவர் நிலக்கரிச் சுரங்கத்தில் இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தவராம், பதினெட்டு வயது வரை எழுதப் படிக்கத் தெரியாதாம். சுரங்கத்தில் நிலக்கரி வண்டி போகிற அகலத்தையே ரயிலுக்கும் வைத்தாராம். இவர்களும் இவர்களிடம் தொழில் கற்றவர்களும்தான் பிறகு விக்டோரியா ராணி காலத்தில் நம் ஊர் வரைக்கும் பாதை போடக் காரணமானவர்கள் என்றார். பெரம்பலூரைத் தவிர என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் அந்தக் கதையைச் சொன்னார். விக்டோரியா பட்டத்துக்கு வருவதற்குச் சில வருஷம் முன்பு, இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவில் இரட்டை லைன் போட்டு, திறப்பு விழா வைத்திருக்கிறார்கள். நாட்டின் பெரிய மனிதர்கள் எல்லாரும் வண்டியில் வந்திருக்கிறார்கள். நடுவழியில் தண்ணீர் பிடிக்க இன்ஜின் நின்றபோது, கீழே இறங்காதீர்கள் என்று சொல்லியும் பலர் இறங்கிப் பக்கத்து லைனில் நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் பார்லிமெண்ட் மெம்பர், மந்திரியாக இருந்தவர். அவருக்கும் வேறு பெட்டியில் இருந்த பிரதமருக்கும் ரொம்ப நாளாக மனஸ்தாபம். நல்ல நாளும் அதுவுமாகக் கைகொடுத்துச் சமாதானமாகிவிடலாம் என்று போய், கைகொடுத்தும் விட்டார். அந்த நேரத்தில் பக்கத்து லைனில் இன்னொரு இன்ஜின் வந்துவிட்டது. அதில் பிரேக்கே கிடையாதாம். மற்றவர்கள் எல்லாரும் விலகிவிட்டார்கள். இவர் மட்டும் அந்தப் பக்கம் போவதா, இந்தப் பக்கம் வருவதா என்று தடுமாறி, பெட்டிக் கதவைப் பிடித்துத் தொங்க, கதவு அவரோடு சேர்ந்து திறந்துகொண்டு இன்ஜினுக்கு நேராகக் கொண்டுபோய் விட்டது. அந்தப் பாதையைப் போட்ட இன்ஜினியரே அவரை ஓர் இன்ஜினில் ஏற்றிக்கொண்டு வைத்தியத்துக்காகத் தலைதெறிக்க ஓட்டிப் பார்த்திருக்கிறார். அன்று ராத்திரியே அந்த மெம்பர் இறந்துபோனார். திறப்பு விழா நிற்கவில்லை.

வகுப்பில் ஒருவன் சிரித்தான். விழாவுக்கு வந்தவரின் கதி அப்படியா என்றான். நான் அதுவரை பயிற்சியில் ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்று என் வாய் தானாகத் திறந்தது.

"அவரு வேணும்னு நின்னாரா சார்?"

வகுப்பு எடுத்தவர் திரும்பிப் பார்த்தார். என் கதை அவருக்குத் தெரியாது.

"சேச்சே. சமாதானம் பேசப் போன மனுஷன் சாகறதுக்கா போவாரு? அதுக்கு முன்னாடி யாரும் ரெண்டு லைன் பாதையில நின்னு பழகினதே இல்லைங்க. வண்டி வருதுன்னு தலைக்குத் தெரியுது. எங்க போயி நிக்கணும்னு காலுக்குத் தெரியல."

அப்புறம் அவர் பாலங்களைப் பற்றிச் சொல்லப் போய்விட்டார். நான் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. என் வீட்டுக்காரரின் காலுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. பன்னிரண்டு வருஷம் நடந்த கால். அப்படியென்றால் அதற்கு என்ன தெரிந்திருந்தது என்று யோசித்தேன். இரண்டு வருஷத்தில் நான் எதையாவது யோசித்தது அன்றுதான்.

திரும்பி வந்து இரண்டாம் நாள், அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வேலை. டீ குடிக்க உட்கார்ந்தபோது மேட்டிடம் கேட்டேன். ஒற்றை லைனாக இருந்த காலத்தில், இந்த இடத்தில் வண்டி வந்தால் எந்தப் பக்கம் இறங்குவீர்கள் என்று கேட்டேன்.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். பாதையைத் திரும்பிப் பார்த்தார். மேற்கே பாதை செங்குத்தாகச் சரிந்து கீழே போகிறது, முழுக்கச் சீமைக்கருவேல முள். கிழக்கே புது லைன் மினுமினுத்துக்கொண்டிருந்தது.

"கெழக்கதாம்மா," என்றார். "மேக்க முள்ளு, கால வக்க முடியாது. கெழக்க சமதரையா இருக்கும், ஒரு கொடுக்காப்புளி மரம் நின்னுச்சு. எல்லாரும் அந்த நெழலுக்குத்தான் போவோம். அவன் அங்கதான் நின்னு கொடி காட்டுவான். புது லைன் போடறப்ப அந்த மரத்த வெட்டி, அது மேலயே லைனப் போட்டுட்டாங்க."

 அவராகவே தொடர்ந்தார்.

"மத்த எடத்துல எல்லாம் சரியாத்தான் எறங்குவான். இந்த எடத்துல மட்டும் தடுமாறும். ஒரு தடவ நானே கண்டு சத்தம் போட்டேன். ஆனா நானும் ரெண்டு தடவ அங்க போயி நின்னுருக்கம்மா. நிக்கிறது தண்டவாளம்னு நின்னப்பறந்தான் தெரிஞ்சுது."

விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொல்ல முடியும் என்றார். பிறகு, தெரிந்தும் ஏன் மேலே எழுதிப் போடவில்லை என்று தன்னையே பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்ததாகவும் சொன்னார். ஊரில் பேசிக்கொண்டதை நீங்களும் கேட்டீர்கள்தானே அண்ணே என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். அவரைத் திட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. திட்டுகிற அளவுக்கு உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தேன்.

அந்த மரம் எங்கள் வீட்டுக்குத் தெரிந்த மரம். சீசன் வந்தால் பச்சைக் கொடியில் முடிந்து கொடுக்காப்புளி கொண்டுவருவார். கொடியில் கறை படுகிறது என்று நான் சத்தம் போடுவேன். பெண் துவர்க்கிறதை எல்லாம் எனக்குத் தள்ளிவிட்டு, இனிப்பாக வெடித்த சுளையாகப் பொறுக்கித் தின்பாள். பிறகு ஒரு வருஷம் கொண்டுவரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு மரம் போய்விட்டது என்று மட்டும் சொன்னார். அப்படியா என்று சொல்லிவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது பெண் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. அவளுக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நீ ஒண்ணு கேட்டியே," என்றேன். எதை என்று அவள் கேட்கவில்லை. "அப்பா கொடுக்காப்புளி மரத்தடியிலதான் போயி நின்னாங்க. எப்பவும் நிக்கிற எடம். மரந்தான் இல்ல."

மேட் சொன்னதை முழுக்கச் சொன்னேன். திருச்சியில் கேட்ட அந்த வெள்ளைக்காரர் கதையையும் சொன்னேன். அவள் புத்தகத்தின் ஓரத்தை மடித்து மடித்து எடுத்துக்கொண்டிருந்தாள்.  கடைசியில் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அப்ப, நீ சொன்னதுனால இல்லல்ல?"

இரண்டு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அப்பாவைப் பற்றி இல்லை. என்னோடு ஒரே வீட்டில் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். போய்ப் படி என்று சொல்லியிருக்கிறேன்.

"இல்ல," என்றேன். "ஆனா சொன்னது சொன்னதுதான்."

அவள் தலையை ஆட்டினாள். எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, "கால்ல ரத்தம் வருது பாரும்மா" என்றாள். குனிந்து பார்த்தேன். குதிகாலில் ஜல்லி குத்திய இடத்தில் விரலை வைத்து அமுக்கினேன். வலித்தது.