நடுவில் நின்ற கூட்டம்

மூத்த மகனை அடக்கம் செய்துவிட்டு வந்தபோது, கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். ஆண்கள் வெளியே நாற்காலிகளில், பெண்கள் வீட்டுக்குள்ளே. எங்கள் வழக்கம் அது. பஜார் வியாபாரிகள், சொந்தக்காரர்கள், என் கடைக்குச் சாமை கொண்டுவரும் கல்வராயன் மலை ஆட்கள் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மகனைத் தூக்கியதிலிருந்து மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

எனக்குச் சும்மாவே பயம் ஜாஸ்தி. மயங்கி விழுந்திருப்பாளோ, தண்ணீராவது குடித்தாளோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சாப்பிட்டாளா?" என்று உள்ளே இருந்த மாமியிடம் ஆள்விட்டுக் கேட்டு அனுப்பினேன். அந்தக் கேள்வி எத்தனை வாய் மாறியதோ, "உள்ள எல்லாரும் சாப்ட்டாங்களாம். தண்ணி கேன்தான் கம்மியா கீதாம்" என்று பதில் வந்தது.

மகள் டீ கொண்டுவந்தாள். வெளியூரில் அணுக்கரு ஆராய்ச்சி செய்கிறவள். "பொண்ணு இன்னா படிக்குதுன்னு ஒங்க அத்தாவுக்குத் தெரியுமா? எட்டாவதோட ஓடியாந்தவராச்சே" என்று மச்சான் சீண்டினான். நான் அழுதுவிடக் கூடாதே என்றுதான்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அணுக்கருவ ரொம்ப வேகமா மோத வுட்டா, உள்ள இருக்கிற குவார்க்குன்ற குட்டித் துகளுங்க எல்லாம் கொதிக்கிற கூட்டமா ஆயிடும்த்தா. அதுல ஒரு ஜோடி மாட்டிக்கினா, ஒண்ணோட இழுப்பு இன்னொண்ணுக்கு எட்டாது. நடுவுல இருக்கிற கூட்டம் மறைச்சிடும்."

"அப்ப இழுப்பே போயிடுமா?"

"போவாது. எட்டாது, அவ்ளோதான்."

"கூட்டம் ஆறினதும்?"

"அதுக்குள்ள தூரமா வெலகிட்டா சேராது. கெடைச்ச துணையோட வேற வேறயா போயிடும்."

டீயைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

"கிட்டக்க இருந்தா?"

"ரொம்ப கிட்டக்க ஒட்டிக்கினு இருந்தா கூட்டத்தால ஒண்ணும் பண்ண முடியாதுத்தா."

எழுந்துபோய் வாசல் திரையை விலக்கினேன். பெண்கள் அவசரமாக முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள்.

"இன்னா தம்பி இது! பொம்பளைங்க குந்திக்கினு இருக்கோம்ல?" என்றாள் மாமி.

"அவகிட்ட போவணும் மாமி."

யாரும் எழவில்லை. கால்களை மட்டும் மடக்கி வழி விட்டார்கள். சுவரோரம் இருந்த மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரஷர் மாத்திரை போட்டீங்களா? காலையிலேந்து கேட்டு அனுப்பிக்கினே இருக்கேன்."

அப்படி ஒரு வார்த்தை என்னிடம் வந்து சேரவே இல்லை.

"போடல. நீ சாப்ட்டியா?"

"இல்லீங்க."

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றை மாமி ஒரே தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் இரண்டு பேராலும் விழுங்க முடியவில்லை. கூட்டம் கலையும்வரை நான் வெளியே போகவில்லை.