துண்டுக்குள் வராத கை

சுருளியண்ணன் முதன்முதலில் உள்ளங்கையைக் காட்டியபோது, வெறும் காய்ப்பு என்றுதான் நினைத்தேன். 1950களின் நடுவில், போடியில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டராகச் சேர்ந்த புதிது. சுருளியண்ணன் ஏலக்காய்த் தரகர். மதுரையில் ரத்தம் பார்த்து லுக்கேமியா, ரத்தப் புற்றுநோய் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அதற்கு இருந்த மருந்துகளில் ஒன்று ஆர்சனிக் சொட்டு மருந்து. அதைத் தண்ணீரில் கலந்து மாதக்கணக்கில் குடித்துவந்தார்.

மருந்துக்கு நோய் கேட்டது. மண்ணீரல் வீக்கம் வடிந்து, மறுபடி மலையேறித் தோட்டங்களுக்குப் போய்வந்தார். ஆனால் தோல் கருத்தது. கருப்பில், புழுதியில் தூறல் விழுந்த மாதிரி வெளிர்ப் புள்ளிகள். உள்ளங்கை தடித்து முண்டு முண்டாகிவிட்டது. மருந்து செய்கிற வேலை இது, தொற்றாது என்று டாக்டர் எனக்கு விளக்கியிருந்தார்.

ஏலக்காய் மண்டியில் விலையை வாய்விட்டுப் பேச மாட்டார்கள். துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். அவருக்குப் பெருவியாதி, அதாவது தொழுநோய் என்று பேச்சு கிளம்பியதும் சுருளியண்ணன் துண்டுக்குள் ஒரு கையும் வரவில்லை. கூனிக் குறுகிப்போனவர், சொட்டு மருந்தையே நிறுத்தப்போவதாகச் சொன்னார். நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து. பதறிப்போன டாக்டர், மண்டியில் எடுத்துச் சொல்லும்படி என்னை அவரோடு அனுப்பினார்.

இங்கிலீஷ் வார்த்தைகளும் கலந்து வெளுத்துக்கட்டினேன். கேட்டு முடித்த மண்டிக்காரர் ஒருவர், "நீங்க சொல்றத நம்புறேன் தம்பி. கைதான் வரமாட்டேங்குது" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அவர்களைத் திட்டித் தீர்த்தேன். சுருளியண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அவுகள ஏன் வையிறீக? மத்தவுகளுக்கு மருந்துச் சீசாவக் கையில குடுக்குறீக. எனக்கு மட்டும் மேசையில வச்சுத்தானே தள்ளிவிடுறீக."

உண்மைதான். யோசிக்காமலே அப்படிச் செய்துவந்திருக்கிறேன். ஊருக்குப் புத்தி சொல்லப் போனவன் நான்! வெட்கத்தில் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

இனி மருந்துக்கு வருவாரா என்று பயந்துகொண்டே இருந்தேன். வந்தார். சீசாவை எடுத்து அவர் கைக்கு நேரே நீட்டினேன். அவர் தன் கையைத் தோள் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"மேசையிலயே வையிங்க தம்பி. பழகிருச்சு."

வைத்தேன். எடுத்துக்கொண்டு போனார்.

மருந்துக் கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மருந்தைக் கையில் கொடுங்கள். முதல் நாளே கொடுங்கள்.